இருபத்தேழு பென்சில் புள்ளிகள்

மார்ச் 11, செவ்வாய்

இன்று மாலை கணினி வகுப்பில் ஒரு சின்னத் தப்பு செய்தேன். வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும் பை சார்ட் போடும்போது ‘எண்ணிக்கை’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கூட்டுத்தொகை’ என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. கணினி, எங்கள் தொழிற்சாலை விபத்துகளை எண்ணாமல் அவற்றின் வரிசை எண்களைக் கூட்டிவிட்டது. முதல் விபத்துக்கு ஒன்று, கடைசி விபத்துக்கு அறுபத்து நான்கு. வருடக் கடைசியில் அடிபட்டவர்களுக்கெல்லாம் பெரிய துண்டு கிடைத்தது.

பக்கத்து இருக்கையில் கூரியர்காரர். பகலெல்லாம் பொட்டலம் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டோடு நேராக வகுப்புக்கு வருகிறவர். எட்டிப் பார்த்தார்.

“நல்லவேளை, நீங்க ஆஸ்பத்திரியில வேலை பார்க்கல. டோக்கன் நம்பருக்கு ஏத்த மாதிரி மாத்திரை கொடுத்திருப்பீங்க.”

திருத்தினேன். அடுத்த முறை மறக்காமல் இருக்க வரிசையை எழுதிவைக்கிறேன். எதை எண்ணுவது என்று முதலில் பார்க்கவேண்டும். பிறகு பெரிய துண்டைப் பன்னிரண்டு மணி இடத்திலிருந்து தொடங்கவேண்டும். சதவீதத்தைத் துண்டுக்கு வெளியே எழுதவேண்டும், உள்ளே எழுதினால் சின்னத் துண்டுகளில் நெரிசலாகிறது. ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் போனால் யாருக்கும் கண்ணில் நிற்காது.

இது வகுப்புப் பயிற்சி மட்டுமல்ல. எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒரு வருடத்தில் நடந்த அறுபத்து நான்கு விபத்துகளின் காரணங்கள். கவனக்குறைவு நாற்பத்தொன்று (சதவீதத்தில் இதுவும் அறுபத்து நான்குதான்), இயந்திரக் கோளாறு ஒன்பது, வழுக்கும் தரை எட்டு, பாரம் தூக்கியது ஆறு. கவனக்குறைவுக்குச் சிவப்பு கொடுத்தேன். அது சரியா என்று தெரியவில்லை. எடுப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேனேஜர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஆட்களின் கவனக்குறைவு என்றால் ஒரு வாரம் பாதுகாப்பு வகுப்பு. இயந்திரம் என்றால் நான்காம் எண் வெட்டு இயந்திரத்தை இரண்டு நாள் நிறுத்தி, கத்திக்கடியில் கை போகாமல் தடுக்கும் காப்பு மூடியை மாற்றுவார்கள். அக்கா வீட்டுக்காரர் அந்த இயந்திரத்தில்தான் மூன்று வாரத்துக்கு முன் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். திங்கட்கிழமை அதே இயந்திரத்துக்குத் திரும்புகிறார்.

மார்ச் 12, புதன்

தொழிற்சாலை வாசலில் உள்ள பெரிய திரையில் என் டாஷ்போர்டு, அதாவது அந்த வட்டப் படமும் எண்களும், ஓடுகிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். இரவுச் சாப்பாட்டின்போது அத்தான் இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மேடம், கட்டு மாத்த ஃபேக்டரிக்குப் போனப்போ உங்க படத்தைப் பார்த்தேன். வாசல்ல பெருசா ஓடுது.”

“எப்படி இருக்கு அத்தான்?”

“நல்லாத்தான் இருக்கு. அந்தச் சிவப்புத் துண்டுக்குள்ள நானும் இருக்கேனா?”

எனக்கு நினைவில்லை. அக்கா தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

“சாப்பிடற நேரத்துல அந்தப் பேச்சு எதுக்கு?”

“இல்லடி. நான் இத்தனை நாளா மூடி சரியில்லன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன். நூத்துக்கு அறுபத்து நாலு பேரு கவனமில்லாமத்தான் அடிபட்டிருக்காங்கன்னு படம் சொல்லுது. அப்ப நானும் அப்படித்தான் இருந்திருப்பேன். வேற ஏதோ ஞாபகத்துல இருந்தேனோ என்னவோ.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். ஒற்றைக் கையால் குழாயைத் திறக்க அவருக்கு இன்னும் சரியாக வரவில்லை. அக்கா போய்த் திறந்துவிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

காலையில் முதல் வேலையாக விபத்துப் பதிவேட்டை எடுத்தேன். முதலுதவி அறைக்காரர் நடந்ததைத் தன் கையெழுத்தில் எழுதுகிற தடித்த நோட்டு அது. அதைப் பார்த்து நான்தான் கணினியில் ஏற்றினேன்.

அத்தானுடையது வரிசை எண் அறுபத்தொன்று. “வெட்டும்போது மூடி இறங்கவில்லை. மூடி கம்பியால் கட்டப்பட்டிருந்தது” என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ஒரு பென்சில் புள்ளி. புள்ளி என்னுடையது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. கணினிப் படிவத்தில் காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முதலாவதாக இருப்பது கவனக்குறைவு. நாம் வேறொன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவே நின்றுவிடும். கையெழுத்துப் புரியாத இடத்திலும், இதுவா அதுவா என்று முடிவெடுக்க முடியாத இடத்திலும் நான் ஒரு புள்ளி வைத்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். பிறகு பார்க்கவே இல்லை.

புள்ளிகளை எண்ணினேன். இருபத்தேழு. நம்பிக்கையில்லாமல் பின்பக்கத்திலிருந்து இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தேழுதான். அதில் பதினொரு குறிப்புகளில் ‘மூடி’ என்ற சொல் இருந்தது.

எங்கள் பிரிவு அதிகாரிக்கு ‘அப்புறம் சார்’ என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். இன்று அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நோட்டை அவர் மேசையில் விரித்தேன்.

“சார், கவனக்குறைவுல இருக்கற நாப்பத்தொண்ணுல இருபத்தேழு நான் பார்த்துப் போட்டது இல்ல. அதுவா நின்னது. மாத்தாம விட்டுட்டேன்.”

“படம் மேனேஜருக்குப் போயாச்சேம்மா. கூட்டம் முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாம்.”

“கூட்டம் முடிஞ்ச பிறகு அதை யாரு சார் பார்க்கப் போறாங்க?”

அவர் பக்கங்களைப் புரட்டினார். “இந்தப் புள்ளியெல்லாம் உன்னோடதா?”

“ஆமா சார்.”

“பென்சில்தானே. அழிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.”

காலையில் அப்படி ஒரு எண்ணம் எனக்கும் வந்தது. ரப்பர் மேசை மேலேயே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். “நீயா எதையும் இயந்திரக் கோளாறுன்னு மாத்திடாதே. உன் அத்தான் விஷயமும் அதுல இருக்கு, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. முதலுதவிக்காரரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படி. அதுவரைக்கும் இருபத்தேழையும் தனியாக் காட்டு. ஆனா மேனேஜர்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே வந்து சொல்லு.”

பட்டியலில் ‘இன்னும் படிக்கவில்லை’ என்று புதிதாக ஒன்றைச் சேர்த்து அதற்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். சிவப்பு இருபத்திரண்டு சதவீதமாகச் சுருங்கியது. சாம்பல் நாற்பத்திரண்டு. மாலை வகுப்பில் கூரியர்காரர் பார்த்தார்.

“இது என்னங்க, பாதி வட்டம் பூசணம் பூத்த மாதிரி இருக்கு?”

“அது நான் செய்யாம விட்ட வேலை.”

அவர் ஹெல்மெட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அந்தத் துண்டின் மேல் சுட்டியை வைத்தால் இருபத்தேழு வரிசை எண்களும் தெரிகிற மாதிரி அமைக்க உதவினார்.

வீட்டில் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி, பட்டியல், ரப்பர் உட்பட. அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நான் சிவப்பு இல்லையா?”

“தெரியல அத்தான். உங்களைப் பத்தி எழுதினதை இன்னும் யாரும் சரியாப் படிக்கவே இல்ல.”

கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார். “மூடி பாதியில மாட்டிக்கும். வேலை நிக்கும். அதனால முந்தின ஷிஃப்ட்காரங்க மேலே தூக்கிக் கம்பியால கட்டிட்டாங்க. அவிழ்க்காம ஓட்டினது நான். ரெண்டையும் எழுது. ஒண்ணை மட்டும் எழுதாதே.”

அக்கா விளக்கைப் போட்டு, எழுத எனக்கு மேசையை ஒதுக்கிக் கொடுத்தாள்.

நாளை: காலை ஏழரைக்கு முதலுதவி அறை. அவரோடு உட்கார்ந்து இருபத்தேழு குறிப்புகளையும் படிக்கவேண்டும், மூடி என்று வருகிற பதினொன்றை முதலில். ஒரு விபத்துக்கு இரண்டு காரணம் எழுதப் படிவத்தில் இடம் இல்லை, அதற்கு ஒரு கட்டம் சேர்க்கவேண்டும். பத்து மணிக்குக் கூட்டம். திங்கட்கிழமைக்குள் நான்காம் இயந்திரத்தை நிறுத்தவேண்டும் என்று கேட்கவேண்டும். நோட்டைக் கையில் கொண்டுபோகவேண்டும். ரப்பர் வேண்டாம்.