நூற்று நாற்பத்து நான்கு துண்டுகள்

திரையில் ஒரே ஒரு வரிதான் வந்தது. ‘தனியாக – 144’. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அனார்குல் கட்டளையை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒரு கேள்விக்கு எத்தனை விதமான விடைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கட்டளை அது. தலைநகர் பிஷ்கெக்கின் புள்ளிவிவர அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக அவள் விரல்களுக்குப் பழகியது. நேரக் கணக்கெடுப்பில் ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன செய்தீர்கள், யாருடன் இருந்தீர்கள் என்று கேட்பார்கள். மொத்தம் நூற்று நாற்பத்து நான்கு துண்டுகள். மனைவியுடன், பேரனுடன், பக்கத்து வீட்டுக்காரருடன் என்று யாருக்கும் நாலைந்து விதமாவது வரும். நாரின் மலைப்பக்கத்திலிருந்து வந்த 2217-ஆம் படிவத்தில் மட்டும் ஒன்றே ஒன்று. வீட்டுப் பக்கமே போகாமல் உட்கார்ந்த இடத்தில் எழுதிய பொய்ப் படிவம் என்று கணினி நிரல் அதைச் சிவப்பாக்கி ஒதுக்கியிருந்தது.

சனிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. பிரிவுத் தலைவர் குபாத்பெக் மட்டும் ஒரு கல்யாண விருந்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

“நாள் முழுக்கத் தனியாவா? நம்ம நாட்டுலயா?” என்று சிரித்தார். “எங்க வீட்டுல கக்கூசுக்குப் போனாக்கூட வெளியில ரெண்டு பேர் நின்னு கதவைத் தட்டுறாங்க. தூக்கிரு, அனார்குல். இத எழுதிக் கொண்டாந்த ஆளோட மத்த இருபத்தெட்டையும் சேத்துத் தூக்கு. இனிமே அவருக்கு வேலை கிடையாது.”

“போன் பண்ணி உறுதியாச்சுன்னா வெச்சுக்கலாம்னு விதியில இருக்கே, பைகே,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள்.

“பண்ணு, பண்ணு. இதுவரைக்கும் எவனும் பண்ணினதில்ல. மூணு மணிக்குள்ள எனக்குக் கோப்பு வந்தாகணும்.” குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒதுக்கச் சொல்லும் அந்த வரியை நிரலில் எழுதியவளே அனார்குல்தான். ஐந்து வருடத்துக்கு முன்பு எழுதினாள். அப்போது வீட்டில் கணவன் இருந்தான், மகன் இருந்தான், மாமியார் ஓயாமல் இருமிக்கொண்டிருந்தாள். ஒரு மனிதர் ஒரு நாள் முழுக்கத் தனியாக இருக்க முடியும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் எட்டவில்லை. விருந்தாளி மிதிக்காத வாசல் உண்டா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு மாமியார் போய்ச் சேர்ந்தாள். கணவன் வேறொருத்தியோடு போனான். மகன் வெளிநாட்டில், கசான் நகரில், டாக்சி ஓட்டுகிறான். வரி மட்டும் அப்படியே இருந்தது.

வீடு தேடிப் போய்க் கேட்டுப் படிவம் எழுதி வந்தவர் சாத்திபால்டி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரைத்தான் முதலில் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கொதித்துப்போனார்.

“ஏம்மா, முப்பது வருஷம் பிள்ளைங்க காப்பியடிச்சதப் பிடிச்சவன் நான். நானா பொய் எழுதுவேன்? பனியில ரெண்டு மணி நேரம் நடந்து போனேன். கெரிம்குல்னு பேரு, பாவம், ஒத்தைக்கட்டை. என்னப் பாத்ததும் மூணு வாட்டி டீ போட்டாரு. நேத்து நாளைச் சொல்லுங்கன்னு கேட்டா, ‘நேத்து எதுக்குப்பா? இன்னிக்கு எழுது. நீ வந்திருக்கேல்ல, அத எழுது’ன்னு கெஞ்சினாரு. முந்தின நாளத்தான் எழுதணும்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க?”

அனார்குல் கெரிம்குலின் எண்ணை வாங்கிக்கொண்டு வைத்தாள்.

உடனே கூப்பிடவில்லை. ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துத் தன் போன ஞாயிற்றுக்கிழமையை எழுதிப் பார்த்தாள். தூக்கம், தனியாக. டீ, தனியாக. துணி துவைத்தது, தனியாக. மகனுக்கு இரண்டு முறை போன் அடித்தாள், அவன் எடுக்கவில்லை. ரொட்டிக் கடையில் “பை வேணுமா?” என்று கேட்ட பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒரு துண்டில் பாதிக்கு மேல், அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட இருந்தால்தான் கணக்கு. அந்தப் பெண் நின்றது அரை நிமிடம். அழ வேண்டும் போல இருந்தது. அவள் எழுதிய வரி அவளையே பொய் என்று தூக்கி எறிந்திருக்கும்.

அடுத்த துண்டு தொடங்கும் நேரம் பார்த்து, சரியாகப் பதினொன்று ஐம்பதுக்குக் கெரிம்குலைக் கூப்பிட்டாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார். எங்கிருந்து பேசுகிறாள் என்பதைச் சொல்லி, படிவத்தில் இருந்த செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டாள்.

“அந்த வாத்தியார் எழுதினது நெசந்தாம்மா. அன்னிக்கு ஒருத்தரும் வரல. நாய்கூடப் போன மாசம் செத்துப்போச்சு.”

“சரி, அத்தா. உறுதின்னு எழுதிட்டேன். நன்றி.”

இருபத்தொன்பது படிவங்களின் சிவப்பையும் நீக்கினாள். வாத்தியாரின் வேலை தப்பியது. போனை வைக்க வேண்டியதுதான்.

“ஏம்மா,” என்றார் அவர் அவசரமாக. “நாளைக்கு எவனாச்சும் வந்து இன்னிக்கு நாளப் பத்திக் கேட்டா, உன்கூடப் பேசினேன்னு எழுதலாமா?”

“எழுதலாம். போன்ல பேசினாலும் சேரும். ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசியிருக்கணும்.”

“இப்ப எவ்வளவு ஆச்சு?”

“நாலு.”

சொல்வதற்கு அவர் எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. “அப்புறம்...” என்றார். “இங்க பனி பெய்யுது.” மறுபடியும், “அப்புறம்...” மூச்சு மட்டும் கேட்டது.

“அடுப்புல என்ன வெச்சிருக்கீங்க, அத்தா?”

“அடடா, உருளைக்கிழங்கு! அடிப்பிடிச்சிருக்கும். இரு, பாத்துட்டு வந்துடறேன். வெச்சுராதே!”

“வைக்க மாட்டேன்.”

காலடிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து போனது. எங்கோ தூரத்தில் மூடி விழுந்து உருண்டது, கரண்டி சுரண்டியது. அனார்குல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பதினொன்றைத் தாண்டி ஐந்து நிமிடமாவதைப் பார்த்தபடி இருந்தாள். அவர் இன்னும் திரும்பி வரவில்லை.