மூடுபனிக்கு அரை டிக்கெட்

கொடிமேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மூடுபனி உண்டு. கோமளாவின் வீட்டு மூடுபனிக்கு எட்டு வயது. குடும்ப அட்டையில் நான்காவது பெயர் அதனுடையது.

மகள் தமயந்தி பிறந்த மறுவாரம், ஆடி மாதத்து மழை நாளொன்றில், சமையலறையின் புகைபோக்கி வழியாக அது உள்ளே வந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. பஞ்சு என்று பெயர் வைத்தார்கள். பகலெல்லாம் பீரோவுக்குப் பின்னால் கிடக்கும். குழந்தை தூங்கப் போனால் அதுவும் எழுந்துபோய் அவள் கால்மாட்டில் சுருண்டுகொள்ளும். நன்றாகச் சாப்பிட்ட நாட்களில் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருக்கும்.

அந்த ஊரில் மாலை மூன்றரை மணிக்கு எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிடுவார்கள். வெளியே திரியும் பனி உள்ளே வந்து வீட்டுப் பனியோடு கலந்துவிட்டால் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. மேல்தெருவில் இரண்டு வீட்டுப் பனிகள் அப்படிக் கலந்துபோய், ஆறு மாதம் வழக்கு நடந்து, கடைசியில் இரண்டு குடும்பங்களும் ஒரே வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. கோமளா ஒருநாளும் மூன்றரையைத் தவறவிட்டதில்லை.

தமயந்திக்கு மூச்சு விடும்போது விசில் கேட்கத் தொடங்கியது ஆறு வயதில். எட்டு வயதில் அது இரண்டு விசில்களாகியது. கோமளா குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப்போனாள். பஞ்சுவும் மடியில் ஏறிக்கொண்டு கூடவே வந்தது. மருத்துவர் குழந்தையின் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு மரியாதைக்காகப் பஞ்சுவின் மீதும் வைத்துக் கேட்டார்.

"குழந்தைக்குக் கடற்கரை ஊர்தான் நல்லது. நல்ல வெயில், உப்புக் காற்று. இன்னொரு குளிர்காலம் இங்கே வேண்டாம்" என்றார்.

"இதுக்கு?" என்று கோமளா மடியைக் காட்டினாள்.

"இதுக்குக் குளிர்தாம்மா. வெயில் பட்டால் ஒரு மாசம் தாங்கினாலே பெரிசு."

"ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுக்கறாங்க, டாக்டர்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார். மேல்பாதியில் வெயில் என்றும் கீழ்பாதியில் குளிர் என்றும் இருந்தது.

கோமளாவின் கணவர் சிற்சபேசன் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். எதையும் அளக்காமல் நம்பாதவர். அவர் மாறுதலுக்கு விண்ணப்பித்தார். இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. ஊரின் பெயர் உப்புத்துறை. வங்கக் கடலோரம், தெற்கே, ஆண்டில் பத்து மாதம் வெயில்.

ஊரைவிட்டுப் போகிறவர்கள் நகராட்சியில் பனிக்கு ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கிருந்த அதிகாரி படிவத்தைப் புரட்டியபடி கேட்டார்.

"விட்டுட்டுப் போறீங்களா, கூட்டிட்டுப் போறீங்களா?"

"கூட்டிட்டுப் போறோம்."

"கீழே தாங்காதும்மா. விட்டுட்டுப் போறவங்கதான் ஜாஸ்தி. குழந்தைங்க ரெண்டு வாரம் அழும், அப்புறம் மறந்துடும்."

"எங்க குழந்தை மறக்காதுங்க" என்றாள் கோமளா. சற்று யோசித்து, "அதுவும் மறக்காது" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதிகாரி முத்திரையை மையில் தோய்த்துக் குத்தினார். "பஸ்ல ஜன்னலோரம் உட்கார வைக்காதீங்க" என்றார்.

கோமளா பஞ்சுவை இரண்டு ரஜாய்களில் சுற்றி, முகத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவு கடக்கும்போதும் ரஜாய் ஒரு சுற்றுத் தளர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவள் இறுக்கிக் கட்டினாள். ஏழாவது வளைவில் நடத்துநர் வந்தார்.

"இது என்னம்மா, லக்கேஜா?"

"இல்லீங்க, மூடுபனி."

"வயசு?"

"எட்டு."

"அப்போ அரை டிக்கெட்" என்று கிழித்துக் கொடுத்துவிட்டு, ரஜாயின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். "தலை சுத்துது போல. எலுமிச்சம்பழம் இருந்தா மோந்து பார்க்கக் குடுங்க."

தமயந்தி தன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பஞ்சுவின் முன் பிடித்துக்கொண்டாள். சமவெளி வரும்வரை கை மாற்றவில்லை.

உப்புத்துறையில் அவர்களுக்குக் கிடைத்த வீடு கடலிலிருந்து நானூறு அடி தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு பெரிய ஜன்னல், கிழக்குப் பார்த்து. அடுத்த வீட்டு ஜெசிந்தாள் மீன் ஏலக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வந்திறங்கிய அன்றே ஒரு குடம் தண்ணீரும், வாழையிலையில் பொரித்த மீனும் கொண்டுவந்து வைத்தாள். பஞ்சுவைப் பார்த்துவிட்டு, "மூத்தவளா, இளையவளா?" என்று கேட்டாள்.

"ஒரு வாரம் இளையது" என்றாள் கோமளா.

"மெலிஞ்சு கெடக்கே. மீன் சாப்பிடுமா?"

"பழக்கமில்லை."

"பழகிக்கிடும். இந்த ஊருக்கு வந்தா எல்லாம் பழகிக்கிடும்க்கா."

முதல் வாரத்திலேயே தமயந்தியின் இரண்டு விசில்களில் ஒன்று நின்றது. மூன்றாம் வாரத்தில் மற்றதும் நின்றது. சிற்சபேசன் மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். கடலின் சத்தம் ஓய்வதற்காகக் காத்திருந்து மீண்டும் கேட்டார். மூச்சைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவர் எழுந்து முகம் கழுவப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தையல் நாடாவால் பஞ்சுவைச் சுற்றி அளந்தார். முதல் ஞாயிறு ஒன்பதடி. அடுத்த ஞாயிறு ஐந்து. மூன்றாவது ஞாயிறு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. பூனையளவாகிவிட்ட பஞ்சு, அளக்கும்போது உதவியாகக் கைகளைத் தூக்கிக்கொள்ளும். அந்த உதவியை அவரால் பார்க்க முடியவில்லை. நான்காவது ஞாயிறு அவர் நாடாவை எடுக்கவேயில்லை.

செய்யக்கூடியது எல்லாவற்றையும் கோமளா செய்தாள். தரையை நாளுக்கு நான்கு முறை ஈரத்துணியால் துடைத்தாள். பஞ்சுவைக் குளிர்சாதனப் பெட்டியில் காய்கறித் தட்டில் படுக்கவைத்துப் பார்த்தாள். அது கதவைத் தட்டி வெளியே வந்துவிட்டது. ஜெசிந்தாள் ஐஸ் கம்பெனியிலிருந்து ஒரு பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். பஞ்சு அதன்மீது ஒரு பகல் முழுவதும் படுத்திருந்து, சொட்டுச் சொட்டாக வடிந்து, நெத்திலி வாசனையோடு எழுந்தது. மாலை மூன்றரை ஆனதும் கோமளா கிழக்கு ஜன்னலை அடைத்துக் கொக்கியும் போட்டாள். எந்த ஊராக இருந்தாலும் அதில் மட்டும் அவள் தவறியதில்லை.

ஐந்தாம் வாரம் பஞ்சு ஒரு தம்ளரில் அடங்கும் அளவாயிற்று. தமயந்தி அந்தத் தம்ளரைத் தன் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, கால் பட்டுக் கவிழ்ந்துவிடாமல் இருக்க முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்தாள். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நாம கொடிமேட்டுக்கே போயிடலாம்."

"அங்கே போனா உனக்கு முடியாதே, கண்ணு."

"நான் கொஞ்சமா மூச்சு விட்டுக்கறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தா அதுதானே சரி?"

கோமளா மகளின் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்போது மணி மூன்றரை. ஒரு கையால் மகளைப் பிடித்தபடியே மறு கையை நீட்டி ஜன்னல் கதவை இழுத்தாள்.

வெளியே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாள் அதைப் பார்த்தாள்.

"எக்கா, நானும் ஒரு மாசமாப் பாக்கேன். கடக்காத்து வார நேரத்துல சரியாக் கதவ அடைக்கிய. அப்படி என்ன வேண்டுதல்?"

"வெளியிலிருந்து பனி உள்ளே வந்துடும், ஜெசிந்தா. இதோட கலந்துட்டா பிரிக்க முடியாது."

ஜெசிந்தாள் கிழக்கே கடலைப் பார்த்தாள். மேற்கே உப்பளங்களைப் பார்த்தாள். வானத்தை அண்ணாந்து பார்த்தாள். எங்கும் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"இங்க எந்தப் பனி வரும்க்கா?" என்றாள்.

கோமளா ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். ஐந்து வாரங்கள், முப்பத்தைந்து மாலைகள். அந்த ஊரில் குளிர்ச்சியான காற்று வருவது அந்த ஒரே வேளையில், அந்த ஒரே ஜன்னல் வழியாக.

கதவைத் திறந்தால் காற்று வரும். திறந்த ஜன்னல் வழியாக எதுவும் வெளியேயும் போகலாம். கொடிமேட்டில் வீட்டைவிட்டு வெளியே போன பனி எதுவும் திரும்பியதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அவள் மகளைப் பார்த்தாள். தமயந்தி தம்ளரை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"திறம்மா" என்றாள்.

கோமளா இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தாள்.

கடற்காற்று அறைக்குள் வந்து, நாட்காட்டியைப் புரட்டி, பீரோவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம்ளருக்குள் குனிந்தது. பஞ்சு மெல்ல எழுந்து விளிம்பில் உட்கார்ந்தது. ஜன்னல் கம்பிக்குத் தாவியது. அங்கிருந்து ஒருமுறை திரும்பி தமயந்தியைப் பார்த்தது. அப்புறம் கம்பிகளுக்கிடையே நழுவி, ஜெசிந்தாளின் வலைக்கு மேலாக, கடலை நோக்கிப் போயிற்று.

கோமளா கூப்பிட வாயைத் திறந்தாள். தமயந்தி அவள் புடவையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள்.

"கடலப் பாக்காத புள்ளல்லா. பாத்துட்டு வரட்டும்" என்றாள் ஜெசிந்தாள்.

அன்று அது வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மீன்பிடித்துத் திரும்பிய ஜெசிந்தாளின் கணவர், விடியற்காலையில் கரையிலிருந்து மூன்று மைல் தூரம் கடல் வெள்ளையாக இருந்தது என்றும், அந்தப் பனி படகுக்குள் வந்து ஒவ்வொருவர் கால்மாட்டிலும் சற்று நேரம் படுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று என்றும் சொன்னார். அதைக் கேட்டு தமயந்தி அழுதாள். அழுது முடித்ததும், "பெரிசா இருந்துச்சா, மாமா?" என்று கேட்டாள்.

"எங்க படகே அதுக்குள்ளல்லா கெடந்துச்சு."

சிற்சபேசன் நாடாவை எடுத்துச் சுருட்டி அலமாரியில் வைத்தார். தமயந்தி மட்டும் முழங்காலை மடக்கிக்கொண்டே படுத்தாள். கட்டிலின் கால்மாட்டில் இடம் காலியாகவே இருந்தது. ஜன்னலை யாரும் அடைக்கவில்லை.

நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு, ஊரின் தென்கோடியில் இருக்கும் கலங்கரை விளக்கம் தெருவில் நடந்து வந்தது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. நிதானமாக அடியெடுத்து வைத்தது. ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது, தன்னைவிடச் சிறிய யாரையோ கைப்பிடித்து அழைத்து வருவதுபோல. பக்கத்தில் கன்றுக்குட்டி அளவில் பஞ்சு வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, கரண்ட் கம்பி. பாத்துக் குனிங்க" என்று ஜெசிந்தாள் குரல் கொடுத்தாள்.

கலங்கரை விளக்கம் நன்றி சொல்லிக் குனிந்து, கோமளாவின் வாசலில் நின்றது.

"இது உங்கள் வீட்டுக் குழந்தைதானே? வீட்டுக்கு வழி கேட்டது. கடலில் வழி சொல்வதுதான் என் வேலை. தெருவில் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் நானே கூட வந்தேன்" என்றது. கரகரப்பான, மரியாதையான குரல்.

"உங்களுக்குச் சிரமம்" என்றாள் கோமளா.

"சிரமமில்லை. அறுபது வருடமாக இந்தக் கரையில் நிற்கிறேன். பனி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பனிதான் வந்ததேயில்லை. இந்த மூன்று நாளும் எனக்கு நல்ல வேலை." சற்றுத் தயங்கியது. "நீங்கள் சம்மதித்தால் விடியற்காலையில் வந்து அழைத்துப் போகிறேன். எட்டு மணிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுவேன்."

கோமளா கணவரைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்த்தார். தமயந்தி தரையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். பஞ்சு அவள் பாதங்களின்மேல் ஏறிப் படுத்துவிட்டது. அதன்மேல் உப்பு மினுங்கியது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சிற்சபேசன் மண்டியிட்டு மகளின் முதுகில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"மூச்சு மட்டும்தான்" என்றார்.

"அப்போ ஏழு மணிக்குள்ள வந்துடணும். ஸ்கூலுக்குப் போகுமுன்னே இவ பார்க்கணும்" என்றாள் கோமளா. கலங்கரை விளக்கம் ஒப்புக்கொண்டது.

"உட்காருங்க, டீ போடறேன்."

அது முற்றத்தில் வேப்பமரத்தை ஒட்டிப் பதமாக உட்கார்ந்தது. கோமளா பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில், விளக்கை நம்பிப் பின்னாலேயே வந்துவிட்ட ஒரு சரக்குக் கப்பல், இன்ஜினை அணைத்துவிட்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்றிருந்தது.

"ஜெசிந்தா, இன்னும் ஒரு செம்பு பால் இருக்குமா?"

"இருக்குக்கா. கப்பலுக்குச் சீனி போடணுமா?"

"தெரியலையே. தமயந்தி, கேட்டுட்டு வா."

தமயந்தி பஞ்சுவைப் பாதத்திலிருந்து மெல்ல இறக்கிப் பாயில் விட்டுவிட்டு எழுந்தாள். தெருமுனைவரை நிற்காமல் ஓடினாள். நிற்காமலேயே திரும்பி ஓடி வந்தாள்.

"அரை ஸ்பூன் போதுமாம்" என்றாள்.