வாயைப் பொத்திய கை

அர்ச்சுனனுக்குக் கல்லீரலில் புற்றுநோய், இரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னபோது அதைக் கேட்டவர்கள் மூன்று பேர்: மனைவி ராஜம்மா, மகள் சாந்தினி, தம்பி கமலநாதன். கேட்காதவர் அர்ச்சுனன் ஒருவர்தான். சாகப்போகிற ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிய வேண்டிய செய்தி அது என்று அந்தக் குடும்பம் முடிவு செய்தது.

"அண்ணன்கிட்ட மூச்சு விடாதீங்க அண்ணி. தெரிஞ்சா பயத்துலயே போயிடுவாரு" என்றார் கமலநாதன். கோயில் கமிட்டி செயலாளர். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. டாக்டரிடமும் போய்க் கெஞ்சினார். அவராகக் கேட்டால் நான் மறைக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அர்ச்சுனன் கேட்கவே இல்லை. வீட்டார் சொன்ன மஞ்சள் காமாலையைத் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

பண்டார் தெங்காரா பக்கம் செம்பனை எண்ணெய் மில்லில் முப்பத்தொரு வருஷம் பாய்லர் ஓட்டியவர் அவர். மீட்டர் முள்ளைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆள், தன் வயிறு பானையாக வீங்குவதைப் பார்த்துக்கொண்டு மஞ்சள் காமாலையை நம்புவாரா? நம்புகிறார் என்று ராஜம்மா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அவர் சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியில் கஞ்சி ஊட்டும்போது, "ராஜி, நான் போயிட்டேன்னா..." என்று ஆரம்பித்தார். ராஜம்மா சட்டென்று உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். அவர் அந்தக் கையை விலக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்து தம்பியிடம் வாயெடுத்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சுண்ணே இது? தைப்பூசத்துக்கு நீங்கதான் பால்குடம் தூக்கப் போறீங்க" என்று கமலநாதன் அடக்கிவிட்டார். கடைசியாக ஒருநாள் மாலை, "ஒன்னே ஒன்னு கேட்டுக்க ராஜி, அப்புறம் பேசவே மாட்டேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். ராஜம்மா அழுத அழுகையில் வார்டு நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் நோயாளிதான் அவளைச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. "சரி சரி, சொல்லல. அழுவாத."

அதோடு அவர் நிறுத்திக்கொண்டார். அவர் தெம்பாகிவிட்டார் என்று ராஜம்மா சாமிக்கு நன்றி சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் ருக்னுதீன் இருந்தார். லாயாங் லாயாங் ஊரில் ரொட்டிச் சானாய் கடை வைத்திருப்பவர். சர்க்கரை வியாதியில் இடது கால் விரல்கள் கறுத்துப்போய் ஆப்பரேசனுக்காகக் காத்திருந்தார். ராஜம்மா வரும்போதெல்லாம் இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அவளைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள்.

"என்ன பேச்சு?"

"பந்து வெளையாட்டு" என்பார் அர்ச்சுனன்.

நல்லவேளை, பொழுதுபோக ஒரு ஆள் கிடைத்தார் என்று அவளுக்குச் சந்தோஷம். அந்த பாய்க்கும் சேர்த்து வடை கொண்டுபோனாள்.

ருக்னுதீனை ஆப்பரேசனுக்கு ஜோகூர் பாருவுக்குக் கொண்டுபோன மறுவாரம் அர்ச்சுனன் இறந்தார். கமலநாதன் எல்லாவற்றையும் ஊர் மெச்சும்படி நடத்தினார். மேளம், பூப்பல்லக்கு, கோயில் ஆட்கள் அறுபது பேர். மகன் இல்லாத குறை தெரியக்கூடாது என்று மின்மயானத்தில் பட்டனையும் அவரே அமுக்கினார். மறுநாள் சாம்பலைத் தேசாரு கடலில் கரைத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை போட்டிருந்த நேரம், வாசலில் ஒரு காடி வந்து நின்றது. காரை ஓட்டிவந்த ருக்னுதீன் இறங்கினார். இடது காலில் கட்டு. வலது கால் செருப்பு முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது.

"மன்னிச்சுக்கங்க தங்கச்சி, நேத்துதான் விசயம் தெரிஞ்சுச்சு. மொதல்ல அவரப் பாத்துட்டு வரலாம்னு தோட்டத்து இடுகாட்டுக்குப் போனேன். அவங்கம்மா சமாதியக் கண்டுபிடிச்சிட்டேன். பக்கத்துல ரம்புத்தான் மரமும் இருக்கு. ஆனா புது மண்ணையே காணோம். எடம் மாத்திட்டீங்களா?"

கமலநாதன் குழம்பிப்போய்ப் பார்த்தார். "இடுகாடா? யாரு சொன்னது பாய்? எரிச்சு, சாம்பலக் கடல்ல கரைச்சு, எல்லாம் மொறையா முடிச்சாச்சே."

ருக்னுதீன் முகம் செத்துவிட்டது. "அலமாக்... அப்ப நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன் போல. ஒன்னும் இல்ல லா. நீங்க சாப்பாட்ட கவனிங்க."

மனுசருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ராஜம்மாவோ இரண்டு மாதம் பொய்யிலேயே குடித்தனம் நடத்தியவள். பார்த்தவுடனே கண்டுகொண்டாள்.

"அவரு உங்ககிட்ட என்ன சொன்னாரு பாய்?"

"வேணாம் தங்கச்சி. முடிஞ்சு போச்சு."

"சொல்லுங்க."

ருக்னுதீன் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாவுக்கு எனக்குப் பயமில்ல பாய்னாரு. எனக்கு இருக்குன்னேன், சிரிச்சாரு. நெருப்புக்குத்தான் பயம்னாரு. முப்பத்தொரு வருசம் அந்தப் பாய்லர் கதவத் தொறந்து உள்ள பாத்தவன், என்னைய அதுக்குள்ள தள்ளிருவாங்கன்னு நெனச்சா கண்ண மூட முடியலன்னாரு. அம்மா பக்கத்துல மண்ணுல வச்சிட்டாப் போதும், அது ஒன்னுதான் வேணும்னு சொன்னாரு. வீட்டுல சொல்லுங்கண்ணேன்னு தெனமும் சொல்லுவேன். நீங்க அழுவீங்களாம். நான் ஜோகூர் பாருக்குக் கெளம்புற அன்னிக்கு, சொல்லிட்டேன் பாய், ராஜி ஒத்துக்கிட்டான்னு சொன்னாரு. நானும் நம்பிட்டேன்."

அர்ச்சுனனின் முழங்கை வரை இருந்த தீத்தழும்புகள் ராஜம்மாவுக்கு நினைவுக்கு வந்தன. வீட்டில் சூடத்தட்டை ஒருநாளும் அவர் கையில் வாங்கியதில்லை. நீயே காட்டு என்று அவள் பக்கம் தள்ளிவிடுவார். பக்தி இல்லாத மனுசன் என்று முப்பது வருஷம் அவரைத் திட்டியிருக்கிறாள். ஏன் என்று ஒருதடவையாவது கேட்டாளா?

"செத்த ஒடம்புக்குச் சூடு தெரியவா போகுது?" என்றார் கமலநாதன். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. பட்டனை அமுக்கிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஒடம்புக்குத் தெரியாது தம்பி. அந்த ரெண்டு மாசம் அவருக்குத் தெரிஞ்சுதே" என்றார் ருக்னுதீன்.

ருக்னுதீன் கும்பிட்டுவிட்டு நொண்டி நொண்டிக் காடிக்குத் திரும்பினார். இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது.

ராஜம்மா மகளைக் கூப்பிட்டாள். "சாந்தினி, இங்க உக்காரு. நான் செத்துப் போனா..."

"அம்மா! என்ன பேச்சு இது, அதுவும் இன்னிக்கு!" சாந்தினி பாய்ந்து வந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். அழுதுகொண்டே பொத்தினாள். அந்தக் கையில் வடை எண்ணெய் மணத்தது. பாசமான கைதான், அதில் சந்தேகம் இல்லை. அன்று அவர் வாயைப் பொத்தியதும் இந்த மாதிரிப் பாசமான கைதான்.

"அண்ணிக்கு மனசு சரியில்ல. உள்ள கூட்டிப்போய்ப் படுக்க வைம்மா" என்றார் கமலநாதன்.

ராஜம்மா மகளின் கையைப் பிடித்து விலக்கினாள். எழுந்தாள். செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு நடந்தாள். காடி அதற்குள் நகரத் தொடங்கியிருந்தது. குறுக்கே போய் நின்று கண்ணாடியைத் தட்டினாள். ருக்னுதீன் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினார்.

"பாய், எனக்குச் சாவுன்னா பயம். அவரு மாதிரி இல்ல, நெசமாவே சாவுன்னா பயம். இந்த வீட்டுல யாரும் இத கேக்க மாட்டாங்க. நீங்க கேட்டுக்குங்க."

ருக்னுதீன் இஞ்சினை அணைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.