மரியநாயகத்தின் பாவசங்கீர்த்தனம்

குருத்துவத்தைத் துறந்து வரலாற்றுப் பேராசிரியரானவர் சூசைதாசன். கல்முனைப் பக்கம் காணாமற்போன இளைஞர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று பல வருடங்களாகத் தேடினார். அந்த இடம் மரியநாயகத்துக்குத் தெரியும். அவர் சாகக் கிடந்தார்.

சூசைதாசன் கட்டிலருகே போனை வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கியதும் மரியநாயகம் அவருடைய கையைப் பிடித்தார்.

"அத நிப்பாட்டுங்க ஃபாதர். நான் பாவசங்கீர்த்தனம் செய்யணும்."

சாகிறவர் கேட்டால் விலகிய குருவும் மறுக்கக்கூடாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எழுதவோ எவருக்கும் சொல்லவோ முடியாது.

"நான் இப்ப ஃபாதர் இல்ல. பேராசிரியரோட கதைங்க. காணாமப்போன பிள்ளைகள்ட தாய்மார் வாசல்லதான் நிக்காங்க."

"பேராசிரியர் பாவமன்னிப்புத் தருவாரோ?"

மரியநாயகத்துக்கு மூச்சு இழுத்தது. சூசைதாசன் ஒலிப்பதிவை நிறுத்தினார். தாய்மாரின் முகங்களைப் பார்க்கப் பயந்து, குனிந்தபடியே போய்க் கதவைச் சாத்தினார்.