ஏற்றிச் செல்லாத ரத்தம்

நான் அதைச் சொன்னேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. பரிசோதனைக் கூடத்தின் பின்படிக்கட்டில் நின்று, "ரெண்டு மடங்கா கொடுத்துப் பாரு" என்று அக்காவிடம் சொன்னதாகத்தான் நினைவு. அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆனால் அக்கா, "நீ அப்படிச் சொல்லவே இல்லடா, நானாத்தான் கொடுத்தேன்" என்கிறாள். என்னைக் காப்பாற்றச் சொல்கிறாளா, நடந்ததைச் சொல்கிறாளா, தெரியவில்லை.

அவள் மகளுக்கு அப்போது ஏழு வயது. வீட்டில் குருவி என்போம். வெளிச்சம் மங்கினால் குருவிக்குச் சுவர்தான் துணை. விரலால் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பாள். நாற்காலியில் மோதினால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். முதலில் நாங்கள் சிரித்தோம்.

கண் மருத்துவர் ரத்தத்தில் வைட்டமின் ஏ பார்க்கச் சொன்னார். நான் ரத்தப் பரிசோதனை செய்பவன். அந்த வைட்டமின் வெளிச்சம் பட்டால் குழாயிலேயே அழிந்துவிடும். ரத்தம் எடுத்த கையோடு குழாயை அலுமினியத்தாளில் சுற்றிவிட வேண்டும். முதல் முடிவு மிகக் குறைவாக வந்தது. மருத்துவர் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதித் தந்தார். மாதம் முடிந்து மறுபடி எடுத்தோம். அதே அளவு. தாளைச் சரியாகச் சுற்றவில்லையோ என்று எனக்கு உறுத்தியது. மூன்றாம் முறை விளக்கை அணைத்துவிட்டு இரண்டடுக்காகச் சுற்றினேன்.

"மாமா, என் ரத்தத்துக்குக் குளிருதா?" என்றாள் குருவி, பஞ்சை அழுத்திக்கொண்டு.

மீண்டும் அதே முடிவு. என் கை சுத்தம் என்றால் தவறு வேறெங்கோ இருக்க வேண்டும். முடிவை மருத்துவரிடம் காட்டும் முன் வீட்டாரிடம் பேசக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் விதி. நான் அக்காவைத்தான் முதலில் பின்படிக்கட்டுக்கு வரச்சொன்னேன்.

"மாத்திரைய ஒழுங்கா கொடுக்கறியா, இல்லையா?"

"என்னடா பேச்சு இது? முழுங்கிட்டு நாக்க நீட்டிக் காட்டினாத்தான் விடறேன்."

"அப்ப எங்க போகுது? ஆவியாவா போகுது?"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். கீழே ஏதோ வண்டி வந்து நின்று, கிளம்பியும் போனது. அந்த வண்டி போன பிறகுதான் அதைச் சொன்னேன், அல்லது சொல்லாமல் விட்டேன்.

இரண்டு மடங்குக்கு வேண்டிய மாத்திரையை மருந்துக்கடையில் சீட்டில்லாமலே தந்தார்கள். ஆறு வாரத்தில் குருவிக்குத் தலைவலி வந்தது. உதடு வெடித்தது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. காலையில் எழுந்ததும் வாந்தி. "இன்னும் பத்தலையோ என்னவோ" என்று அக்கா இன்னொன்றைச் சேர்த்தாள். வயிற்றின் வலப்பக்கம் தொட்டால் குழந்தை அலறிய அன்று மருத்துவமனையில் சேர்த்தோம்.

மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்றாம் வாரம் மரபணு அறிக்கை வந்தது. கண் மருத்துவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல இல்லைன்னா உடம்புலயே இல்லைன்னு நானும் நினைச்சுட்டேன். கல்லீரல்ல நிறைஞ்சு கிடக்கு. அதைப் பிடிச்சு, ரத்தம் வழியா கண்ணுக்குக் கொண்டுபோக ஒரு புரதம் வேணும். அந்தப் புரதத்தச் செய்யச் சொல்ற மரபணு இவளுக்கு ரெண்டு பிரதியும் பழுது. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. உங்களுக்கு மத்தது நல்லா இருக்கறதால ஒண்ணும் தெரியல."

அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"அப்ப லிஃப்டே இல்ல. கீழ கூட்டம் நெருக்கியடிச்சு நிக்குது. நாம வாசல்ல நின்னு இன்னும் வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருந்திருக்கோம். புது லிஃப்ட் போட முடியாதா டாக்டர்?"

"இப்போதைக்கு முடியாதுங்க."

"நான் கொடுத்ததுல என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்கும்மா. எவ்வளவு ஆறும்னு பார்க்கணும்."

அக்கா பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். அத்தான் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். குருவி, "மாமா ஏதோ சொல்லப்போறாங்க" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

குருவிக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பகலில் பெரிய எழுத்தைப் படிக்கிறாள், அந்தியானால் கைத்தடி. தழும்பு ஆறவில்லை, வளரவும் இல்லை. அத்தானும் அக்காவும் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளவில்லை. அத்தான் வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் விளக்கு மாட்டினார். அந்த வெளிச்சமும் அவளுக்கு மங்கல்தான், பெரிய பயனில்லை என்று அவருக்குத் தெரியும். அக்கா யாருக்கும் தன் கையால் மருந்து கொடுப்பதில்லை. தனக்குக் காய்ச்சல் வந்தாலும் மாத்திரையைப் பிரித்துத் தர இன்னொருவர் வேண்டும். நான் அதே கூடத்தில்தான் இருக்கிறேன்.