நாலரை மணி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. நேர்காணலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சார், பொண்ணை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். நாலரைக்குக் கிளம்பலாமா?"

"பாத்துக்கலாம்மா," என்றார் மேலாளர், சிரித்த முகமாக.

வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், நாலரைக்கே விட்டுவிடுவார்கள் என்றாள். மகளை அதுவரை அழைத்து வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம், இனி சிரமப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு வாரம் நாலரைக்கே கிளம்பினாள். யாரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வாரம் திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"ரெண்டு சனிக்கிழமையும் வரலையேம்மா?"

"சனிக்கிழமையா சார்?"

"இன்டர்வியூல கேட்டேனே. பாத்துக்கலாம் சார்னீங்க. அதை நம்பி சனிக்கிழமைக்கு நாப்பது கண்ணாடி ஆர்டர் ஒத்துக்கிட்டேன்."

அவளுக்கு நினைவு வந்தது. முதலில் வேலை கிடைக்கட்டும் என்று, மறுக்க வாய் வராமல் சொன்னது அது.

"நாலரைக்கு வேற கிளம்பிடறீங்க. யாரு பர்மிஷன் குடுத்தா?"

"நீங்கதான் சார்."

"நானா?"

அவர் நடிக்கவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. ஏமாற்றியிருந்தால் கோபப்படலாம். இப்போது யார்மேல் கோபப்படுவது? அவர்மேலா, தன்மேலா?

பக்கத்து மிஷின்காரர் தடித்த கண்ணாடி போட்டவர். எல்லோருக்கும் அவர் 'பூதக்கண்ணாடி', சுருக்கமாக 'பூதம்'. அவரிடம் கேட்டாள்.

"நீங்க சேரும்போது என்னண்ணே சொன்னாரு?"

அவர் மிஷினை நிறுத்தினார். "ரெண்டு வருஷத்துல முன்கடைக்கு மாத்தறேன்னாரு. அவரு சொன்னாரா, நானா நெனச்சுக்கிட்டேனான்னு இப்ப தெரியலம்மா. ஒம்போது வருஷம் ஆச்சு."

"கேக்கலியா?"

"கேட்டா, இல்லைன்னுட்டா?"

மறுநாள் காலை, முதல் வேலையாக அவள் மேலாளர் அறைக்குப் போனாள்.

"ஒண்ணு விட்டு ஒரு சனிக்கிழமை மதியம்வரைக்கும் வரேன் சார். மத்த நாள் நாலரைக்குக் கிளம்பணும்."

"சரிம்மா."

அவள் நகரவில்லை. "சரின்னா... நாலரைதானே சார்?"

"நாலரைதான்," என்றார், மனம் நொந்தவர்போல. "என் மேல இவ்வளவுதான் நம்பிக்கையா?"

அவள் வெளியே வந்து தன் மிஷினைப் போட்டாள்.

அன்றும் நாலரைக்குக் கிளம்பினாள், இம்முறை அனுமதியோடு. முன்பெல்லாம் நிமிர்ந்து போனவளுக்கு, இன்று படியிறங்கும்போது எதையோ திருடிக்கொண்டு போவதுபோல் இருந்தது. ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை.