மூலையில் இறங்கிய தளம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அம்மாளுக்குக் குழந்தைகள் வைத்த பெயர் ஹாரன் அக்கா. வண்டியில் ஹாரன் இருந்தும் அதற்கு அதிகம் வேலை வைக்கமாட்டாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு குரல் கொடுத்தால் போதும், நடுத்தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் தானாக இரு பக்கமும் ஒதுங்கிவிடுவார்கள்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் தொங்கும் அளவு நாடாவைக் குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவார். அவளுடைய தம்பிக்குக் கான்கிரீட் வேலை. வீடுகளுக்கும் கராஜுகளுக்கும் தளம் போட்டுக் கொடுப்பான். பனியன் முதல் புருவம் வரை சிமெண்டு சாம்பல் நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு ஆண்களும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம், வீட்டின் பக்கவாட்டில் கிடந்த ஒரு தளம். வேன் நிறுத்துவதற்காகத் தம்பி போட்டுக்கொடுத்தது. போட்ட நான்காவது மாதம், ஒரு பெரிய மழைக்குப் பிறகு, பின்பக்க மூலை இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. அங்கிருந்து குறுக்காக ஒரு விரிசல் கிளம்பி நடுவரைக்கும் ஓடியது.

"மண்ணை ஒழுங்கா அழுத்தாம போட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் தையல்காரர்.

"கலவையில பைப்பைப் பிடிச்சுத் தண்ணி ஊத்தினது யாரு? சட்டை துவைக்கிற மாதிரி ஊத்தினாரே!" என்றான் தம்பி.

அன்றோடு பேச்சு நின்றது. உறவு நிற்கவில்லை, அதுதான் வேடிக்கை. தம்பி வாரம் ஒருமுறை அக்காவைப் பார்க்க வருவான். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

"அக்கா, உப்பு அவரு பக்கம் இருக்கு. எடுத்துத் தரச் சொல்லு."

"உன் தம்பி கை நீட்டினா எட்டும்னு சொல்லு."

"எட்டுதுன்னா நான் ஏன் கேக்கறேன்னு கேளு."

அவள் எழுந்து உப்பு ஜாடியை இருவருக்கும் நடுவே 'டொக்' என்று வைப்பாள். "நாலு தெரு தள்ளி இருக்கிற குழந்தைங்களையே சண்டை போடாம ஏத்திட்டு வர்றேன். வீட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு குழந்தைங்களை என்னால சமாளிக்க முடியல" என்பாள். குற்றம் இருவர் மீதும் சரிபாதி என்பது அவள் தீர்ப்பு. அதை வாரத்துக்கு ஒருமுறையாவது உரக்கச் சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் அவள் கொஞ்சம் பெரிய வேன் ஒன்று வாங்கினாள். மேலே தகரக் கூரையோடு முறையான கராஜாகவே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். கூரை போடுகிறவர் வந்து பார்த்தார். சாய்ந்திருந்த மூலையில் ஒரு காலை வைத்து ஊன்றிப் பார்த்துவிட்டு, "இது மேல என் தூணை நிறுத்தமாட்டேன்மா. அடுத்த மழைக்குக் கூரை பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கும். தளத்தை உடைச்சுட்டுப் புதுசாப் போடுங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தளம் என்றால் தம்பிதான். தையல்காரர் முகத்தைத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு, "உன் தம்பியையே கூப்பிடு. ஆனா இந்தத் தடவை மண்ணை அழுத்தச் சொல்லு" என்றார். தம்பி போனில், "வர்றேன். ஆனா தண்ணிக் குழாயை முதல்ல பூட்டி வைக்கச் சொல்லு" என்றான்.

ஒரு சனிக்கிழமை காலை தம்பி இரண்டு வேலையாட்களோடு வந்து பழைய தளத்தை உடைத்தான். மதியத்துக்குள் துண்டுகளை அள்ளியாகிவிட்டது. அடியில் இருந்த ஜல்லி முழுவதும் நன்றாக இறுகிக் கிடந்தது, அந்த ஒரு மூலையைத் தவிர. அங்கே மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. உள்ளிருந்து வந்தது கறுத்த, பொலபொலவென்ற மண்.

தம்பி ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தான். "அக்கா, இது செடி வைக்கிற மண்ணு! உரம் போட்ட மண்ணு! இது மேல தளம் போட்டா மெத்தை மேல பீரோவை வெச்ச மாதிரி. யாரு கொண்டாந்து இங்க கொட்டினது? நான் அழுத்திட்டுப் போனப்போ இது இல்ல. எல்லாம் அவரு வேலைதான்!"

ஹாரன் அக்கா குனிந்து பார்த்தாள். அந்தக் கறுப்பு மண்ணுக்குள் அவள் கண்ணுக்கு மட்டும் ஒன்று தெரிந்தது: கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றிய, செடிக்கு மண் கிளறும் ஒரு சின்னக் கைக்கரண்டி. இரண்டு வருடமாக அவள் தேடிக்கொண்டிருந்தது.

ஒரு நொடியில் எல்லாம் ஞாபகம் வந்தது. பழைய தளம் போட்ட அன்றைக்கு மண்ணை அழுத்தி முடித்துவிட்டுத் தம்பி சாப்பிடப் போயிருந்தான். அந்த மூலை கொஞ்சம் பள்ளமாக இருக்கிறதே, நாமே சரிசெய்து வைத்தால் அவனுக்கு ஒரு வேலை மிச்சம் என்று அவள்தான் தோட்டத்துப் பாத்தியிலிருந்து ஆறு கூடை மண்ணைக் கொண்டுவந்து கொட்டினாள். கையாலேயே தட்டி அழகாக நிரவி, மேலே ஓரத்து ஜல்லியை இழுத்து மூடினாள். பார்க்க அவ்வளவு மட்டமாக இருந்தது! அதை ஒரு விஷயமாக யாரிடமும் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் மெல்ல முன்னால் வந்து கைக்கரண்டியின் மேல் செருப்பை வைத்து நின்றுகொண்டாள்.

"என்னக்கா, அங்கயே நிக்கிற?"

"சும்மாதான். நீ போய் டீ குடி."

தம்பி போனதும் அதை எடுத்துத் துடைத்து வேன் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். அன்று மாலைவரை அவள் குரல் தெருவில் கேட்கவே இல்லை. தொண்டை கட்டிக்கொண்டதோ என்று தையல்காரர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். அதை வாங்கிக் குடிக்கும்போது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மூன்று நாள் தம்பி அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தான். கறுப்பு மண்ணை ஒரு கூடை விடாமல் அள்ளி வெளியேற்றினான். நல்ல ஜல்லியை ஒரு சாண் போட்டு, அதிரும் மெஷினை ஓட்டி அழுத்தி, மறுபடியும் போட்டு, மறுபடியும் அழுத்தினான். குதிகாலை ஊன்றினால் தடம் விழக்கூடாது என்பது அவன் கணக்கு. சுற்றிலும் பலகை அடித்து, வாசல்பக்கம் தண்ணீர் ஓடுவதற்கு லேசாகச் சரிவு வைத்தான். ஓரங்களில் தளம் கனமாக வரும்படி ஆழமாகத் தோண்டினான். ஈரம் மேலேறாமலிருக்க பிளாஸ்டிக் தாளை விரித்து, அதன்மேல் கம்பி வலையைச் சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டிகளின் மேல் தூக்கி நிறுத்தினான்.

தையல்காரர் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் இல்லாத நேரத்தில் போய்த் தன் நாடாவால் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்தார். இரண்டும் நூல் பிசகாமல் ஒன்றாக இருந்தன. "வெட்டு சுத்தமாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அதை மட்டும் தம்பியிடம் சொல்லச் சொல்லவில்லை.

கான்கிரீட் லாரி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாக ஏற்பாடு. ஆறே முக்காலுக்கு ஒரு வேலையாளிடமிருந்து போன் வந்தது: காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "வைப்ரேட்டருக்கு ஒரு ஆள் இருக்கான். மட்டப்பலகைக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும். நான் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் யாரு?"

அதற்குள் லாரி தெருமுனையில் திரும்பிவிட்டது. சந்து குறுகல். டிரைவர் தயங்கி நிறுத்தினார். ஹாரன் அக்கா ஓடிப்போய் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, இடது ஒடிங்க, நேரா விடுங்க, இன்னும் ஒரு முழம் இருக்கு, நிறுத்து!" என்று ஒரே மூச்சில் கொண்டுவந்து சேர்த்தாள். டிரைவர் இறங்கி வந்து சுவருக்கும் லாரிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, "கலவை கொஞ்சம் கெட்டியா இருக்கு தம்பி. தண்ணி விடட்டுமா? சுலபமா ஓடும்" என்றார்.

"ஒரு சொட்டு விடாதீங்க" என்றான் தம்பி.

"ஒரு சொட்டு விடாதீங்க" என்றது இன்னொரு குரல். தையல்காரர் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நாடாவைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றார். யாரையும் பார்க்காமல் மட்டப்பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கலவை சரிந்து இறங்கியது. கலவையை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் உறுமியது. மேற்பரப்பை மட்டமாக்க, பலகையை இரண்டு பேரும் ரம்பம் அறுப்பது போல இப்படியும் அப்படியும் இழுத்தபடி பின்னால் நகர வேண்டும். பேசாமல் செய்யக்கூடிய வேலை இல்லை அது. முதல் நிமிடத்திலேயே பலகை கோணிக்கொண்டது.

"அக்கா, அவரை அந்தப் பக்கம் தாழ்த்தச் சொல்லு!"

"நான் லாரிக்காரரைப் பார்ப்பேனா, உங்களைப் பார்ப்பேனா? நீயே சொல்லு!"

தம்பி பல்லைக் கடித்தான். "மாமா, தாழ்த்துங்க."

"தாழ்த்தியாச்சு. நீ இழுக்கிறதுக்கு முன்னாடி சொல்லு, மாப்ள."

இரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. இரண்டாவது பேச்சே சண்டையாகிவிட்டது.

"இவ்வளவு அக்கறையா அன்னைக்கும் இருந்திருக்கலாம் மாமா. இழுங்க! தண்ணியைக் குழாயோட ஊத்தினீங்க!"

"கலவை காயுதேன்னு பதறிப்போய் ரெண்டு வாளி ஊத்தினேன், அது தப்புதான். தள்ளு! ஆனா மூலை இறங்கினது தண்ணியாலயா?"

"இல்ல! நீங்க கொட்டின தோட்டத்து மண்ணால! இழுங்க!"

"நானா? எந்த மண்ணு? எனக்கு ஊசியில நூல் கோர்க்கவே நேரமில்ல, நான் மண்ணு சுமந்தேனா? தள்ளு!"

"அப்ப காத்துல பறந்து வந்துச்சா? இழுங்க!"

வாய் எவ்வளவு சூடாக ஓடியதோ, பலகையும் அவ்வளவு வேகமாக ஓடியது. வைப்ரேட்டர் பிடித்தவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். தளம் கண்ணாடி மாதிரி விரிந்துகொண்டே வந்தது. இருவரில் யாரும் பலகையை விடவும் முடியாது, நிற்கவும் முடியாது.

"நான்தான்!"

அந்தக் குரல் தெருக்கோடிவரை கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அந்த மண்ணைக் கொட்டினது நான்தான். ஆறு கூடை. உனக்கு உதவியா இருக்கட்டும்னு நினைச்சேன். இத்தனை நாள் எனக்கே தெரியாது. சனிக்கிழமைதான் என் கைக்கரண்டி உள்ள கிடந்ததைப் பார்த்தேன். காலால மறைச்சேன். வெட்கமா இருந்துச்சு." அவளுக்குக் கண் கலங்கியது. "ரெண்டு வருஷமா உங்க ரெண்டு பேரையும் திட்டிட்டே இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

பலகை நின்றது. தம்பி தையல்காரரைப் பார்த்தான். தையல்காரர் தம்பியைப் பார்த்தார்.

"டீ குடின்னு அவ்வளவு அன்பா அனுப்பினப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும் மாமா."

"நான் வெந்நீர் வேற வெச்சுக் கொடுத்தேன் மாப்ள. தொண்டைக்கு!"

முதலில் சிரித்தது தையல்காரர்தான். அவர் சிரிப்பு பலகை வழியாக அதிர்ந்து கலவையில் அலை கிளப்பியது. "சிரிக்காதீங்க மாமா, மட்டம் போகுது!" என்று சொல்லிவிட்டு அவனும் குனிந்து சிரித்தான். லாரி டிரைவர் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "போதும், போதும், கலவை காயுது!" என்று அதட்டினாள்.

"மாமா, எங்க அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மறுபடியும் உதவி பண்ணிடப் போறா."

"உங்க அக்கா கையில கூடை இருக்கான்னு பார்த்துச் சொல்லு மாப்ள."

அன்று முழுவதும் அவர்கள் இருவரும் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட ஒருவர் மற்றவரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவள் செம்போடு நடுவில் நின்று, "நான் இங்கதான் இருக்கேன்!" என்று கத்திக்கத்தி ஓய்ந்தாள். ஆனாலும் சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது போய்விட்டது.

மேலே கசிந்த தண்ணீர் வற்றும்வரை காத்திருந்து, மரக்கட்டையால் தேய்த்து, டயர் வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் லேசாகக் கோடு இழுத்தான் தம்பி. பிறகு தளத்தை நான்காகப் பிரிப்பது போல நேர்க்கோடுகள் அழுத்தினான்.

"இது எதுக்கு மாப்ள, நல்லா இருக்கிறதைக் கீறிட்டு?"

"கான்கிரீட் காயும்போது சுருங்கும் மாமா. எங்கயாவது விரிஞ்சுதான் ஆகும். நாம கோடு போட்டுக் கொடுத்தா அதுக்குள்ளயே விரியும், வெளிய தெரியாது."

"அட, புதுத் துணியை நனைச்சுக் காயவெச்சு அப்புறம் வெட்டுற மாதிரி! முன்னாடியே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே."

"நீங்கதான் பேசவே இல்லையே."

ஏழு நாள் தளத்தின்மேல் ஈரச் சாக்கு கிடந்தது. காலையிலும் மாலையிலும் தண்ணீர் தெளிக்கிற பொறுப்பைத் தையல்காரர் எடுத்துக்கொண்டார். தையலை நடுவில் நிறுத்திவிட்டு, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போலச் சாக்கைத் தொட்டுப் பார்ப்பார். நான்கு வாரம் கழித்துக் கூரைக்காரர் வந்தார். இம்முறை இரண்டு காலாலும் குதித்துப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் தூணை நிறுத்தினார்.

வேன் உள்ளே போன முதல் வாரத்திலேயே கனமழை பிடித்தது. மழை விட்டதும் மூன்று பேரும் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் வாசல்பக்கம் ஒழுங்காக வடிந்திருந்தது. மூலை அசையவில்லை. தம்பி ரசமட்டத்தை வைத்துப் பார்த்து நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்தார். அவருக்கும் ஒரு கராஜ் வேண்டுமாம்.

"போய் இடத்தைப் பார்ப்போமா மாமா?"

"இரு, நாடாவை எடுத்துக்கறேன்."

இருவரும் ஒரே குடைக்குள் தோளை இடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். அங்கே மண்ணைக் குனிந்து தொட்டுப் பார்த்து, உடனே எதற்கோ வாதாட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. ஹாரன் அக்கா வேனைப் பின்னால் எடுத்துத் தெருவில் இறக்கி, அவர்களைக் கடக்கும்போது கையை மட்டும் அசைத்துவிட்டுக் குழந்தைகளை ஏற்றப் போனாள்.